இலையின் பச்சையை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



"பயிர் வெளுத்த மாதிரி இருக்கு, ஒரு கை யூரியா விடலாமா, சார்?" கிராமத்துக்குப் போகும்போதெல்லாம் நான் அதிகமாகக் கேட்கிற கேள்வி இதுதான். கேள்வி சின்னது. ஆனால் இதற்கு நான் ஒரு முறை சொன்ன தவறான பதிலால் ஒரு பெரியவருக்கு நஷ்டம் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய பேச்சு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால், லால்குடி பக்கம் ஒரு கிராமம். சம்பா நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. நான் போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி. கிழக்கு வரப்பில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தோம். சாய்ந்த வெயில் இலைகளின் ஊடே புகுந்து எங்கள் கண்ணுக்கு வந்தது. வயல் பூராவும் மஞ்சள் பாய்ந்த மாதிரி தெரிந்தது. "தழைச்சத்து பத்தலை பெரியவரே, ஏக்கருக்கு இருபது கிலோ யூரியா கூடுதலா விடுங்க" என்றேன். அவர் தயங்கினார். "காலையிலே மடை திறக்க வந்தப்போ நல்லாப் பச்சையாத்தானே இருந்துச்சு" என்றார். படித்தவன் என்கிற நினைப்பு. நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவரும் என் பேச்சைத் தட்டாமல் உரம் விட்டார். பயிர் கருகருவென்று செழித்தது. கதிர் வரும் சமயத்தில் புகையான் இறங்கியது. இரண்டு மா நிலத்தில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போயிற்று. புகையானுக்கு யூரியா ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் பயிர் இளகிப்போகும், பூச்சி பெருகும் என்பது நாம் எல்லோரும் அறிந்த சங்கதி. பெரியவர் காலையில் கண்டதும் நான் மாலையில் கண்டதும் அதே இலைதான். மாறினது வெளிச்சம். பி.எஸ்ஸி. படிப்பில் ஒளியைப் பற்றிப் பரீட்சை எழுதி மார்க்கு வாங்கினவன், அதை வரப்பில் மறந்துவிட்டேன். அந்தப் பாடத்தைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து மறுபடி படிக்கப் போகிறேன்.

வாய்க்கால் கரையில் ஒரு பாடம்

நான் குடியிருப்பது திருச்சி புத்தூரில். ஆயிரம் வருஷப் பழமை உள்ள உய்யக்கொண்டான் வாய்க்கால் எங்கள் பக்கமாகத்தான் ஓடுகிறது. ஒளியின் குணங்களைக் கற்றுக்கொள்ள அந்தக் கரையை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

கரையில் நிற்கும் தென்னை தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது. ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். வந்த சாய்வு எவ்வளவோ, திரும்புகிற சாய்வும் அவ்வளவே. இது பிரதிபலிப்பு.

ஒரு மூங்கில் கழியைச் சாய்வாகத் தண்ணீரில் விடுங்கள். நீர்மட்டத்தில் ஒடிந்த மாதிரி தெரியும். காரணம் இது: ஒளி காற்றில் ஓடுகிற வேகத்தில் தண்ணீரில் ஓடுவதில்லை. முக்கால் வேகம்தான். மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் இறங்கினால் என்ன ஆகிறது? வண்டி அந்தப் பக்கமாக இழுத்துத் திரும்புகிறது அல்லவா? ஒளியும் காற்றிலிருந்து தண்ணீருக்குச் சாய்வாக இறங்கும்போது அப்படித்தான் திரும்புகிறது. தண்ணீரிலிருந்து வெளியே வரும்போதும் திரும்புகிறது. இதை ஒளி விலகல் என்பார்கள்.

இதில் ஓர் உயிர் விஷயம் இருக்கிறது. மேலிருந்து நேராகப் பார்க்கும்போது நாலடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். கிணறாக இருந்தாலும் பண்ணைக் குட்டையாக இருந்தாலும் இதே கணக்குத்தான். "தரை தெரியுது, ஆழம் இல்லை" என்று பிள்ளைகள் இறங்குவது இதனால்தான். தெரிகிற ஆழத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சித்திரை வெயிலில் கொள்ளிடத்து மணலில் தண்ணீர் ததும்புவது போலத் தெரிகிற கானல் நீரும் இதே குணம்தான். சுட்ட மணலை ஒட்டின காற்று சூடேறி லேசாகிறது. அதில் ஒளி வளைந்து, வானத்தின் வெளிச்சத்தைத் தரையில் காட்டுகிறது.

திருவானைக்காவலில் பிறந்தவர் கேட்ட கேள்வி

பட்டுத் திரும்புவது, விலகுவது போக, ஒளிக்கு இன்னொரு குணம் உண்டு. அது சிதறுதல். என்னை அன்று ஏமாற்றியது இதுதான்.

வாய்க்கால் அலையையே பாருங்கள். அகலமான அலை சின்னக் கல்லைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய்விடும். குறுகிய சிற்றலையோ அதில் மோதிச் சிதறும். ஒளியும் அலைதான். வெயிலில் வானவில்லின் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. அதில் நீலத்தின் அலை குறுகியது, சிவப்பின் அலை நீளமானது. காற்றின் நுண்ணிய மூலக்கூறுகளில் பட்டு, சிவப்பைப் போல் ஐந்தாறு மடங்கு நீலம் சிதறுகிறது. அந்தச் சிதறின நீலம்தான் பகல் வானத்தின் நிறம். சாயங்காலம் வெயில் சாய்ந்து, உச்சிப் பொழுதைப் போல் பல மடங்கு தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வருகிற வழியிலேயே நீலம் சிதறிப் போய்விடுகிறது. மிஞ்சி நம்மிடம் வந்து சேருவது மஞ்சளும் சிவப்பும்.

சிதறலை ஆராய்ந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் நம்ம ஊர்க்காரர். சர் சி.வி. இராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருவானைக்காவலில் பிறந்தவர். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் கருநீலம் அவரை நிறுத்தியது. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் கடலின் நீலம் என்று அந்நாளில் பெரிய விஞ்ஞானிகளே சொல்லிவந்தார்கள். இராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. கையில் இருந்த ஒரு சிறு பட்டகத்தின் வழியாக, மேற்பரப்பின் பிரதிபலிப்பைத் தணித்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதற அடிக்கிறது என்று தெளிந்தார்.

அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, சிதறுகிற ஒளியில் மிகச் சிறு பங்கு தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்றும், அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது என்றும் கண்டறிந்தார். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போல, ஒரு பொருள் சிதற அடிக்கும் ஒளியை வைத்து அது இன்ன பொருள் என்று சொல்ல முடிகிறது. அந்தப் பிப்ரவரி 28-ஐத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு முடிவு கட்டாமல், கண்ணை ஏமாற்றுவது எது என்று அவர் தேடினார். வரப்பில் நான் செய்யத் தவறினதும் அதைத்தான்.

வானொலி அலையும் வெயிலும் ஒரே குடும்பம்

நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளி ஒரு பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டுமே. மற்றப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானொலி அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, புற ஊதா, எக்ஸ்ரே, காமா கதிர் எல்லாம் கூடப் பிறந்தவை. இவற்றை மின்காந்த அலைகள் என்கிறார்கள். வெட்டவெளியில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். சூரியனிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் உங்கள் வயலுக்கு வந்து சேர எட்டே கால் நிமிஷத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது. பிள்ளைகளுக்குள் வித்தியாசம் அலையின் நீளத்தில் மட்டும்தான்.

திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. மத்திய அலையில் 936 என்ற எண்ணில் முள்ளை நிறுத்திக் கேட்டுப் பழகினவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். விநாடிக்கு 9 லட்சத்து 36 ஆயிரம் அதிர்வு என்பது அதன் பொருள். அந்த அலை ஒன்றின் நீளம் 320 மீட்டர். மலைக்கோட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. பண்பலை 102.1-ன் அலையோ பத்தடிக்கும் குறைவு. பச்சை ஒளியின் அலை இன்னும் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 1,800 அலைகள் அடங்கும். எக்ஸ்ரே அதிலும் சிறியது. அதனால்தான் புத்தூர் அரசு மருத்துவமனையில் படம் எடுக்கும்போது அது சதையை ஊடுருவிப் போய், எலும்பில் பெரிதும் தடைபட்டு நிற்கிறது.

நாடகக்காரர்களின் ஆர்மோனியப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வானொலி அலையிலிருந்து காமா கதிர் வரை ஒரு பெட்டி செய்தால், நாற்பது ஸ்தாயிக்கு மேல் கட்டை வைக்க வேண்டும். அதில் நம் கண் கேட்கிற சங்கீதம் ஒரு ஸ்தாயிகூட இல்லை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிந்து போகிறது.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வானொலி அலை சத்தம் அல்ல. நான் பேசுவதை நிலையத்தில் அந்த அலையின் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டி அதை இறக்கிச் சத்தமாக்குகிறது. 1960-களில் ஆடுதுறை 27 நெல்லின் சாகுபடி முறையைத் தஞ்சைத் தரணிக்கு இப்படிச் சுமந்து போனது திருச்சி வானொலியின் அலைதான். ஜனங்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த அலையும், அந்த நெல்லின் தாளைப் பச்சையாக்கின வெயிலும் ஒரே சாதி.

இலை எதை எடுத்துக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது

இப்போது இலைக்கு வருவோம். இலையில் பச்சையம் இருக்கிறது. அது மாவு சமைப்பதற்கு வெயிலில் உள்ள நீலத்தையும் சிவப்பையும் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. பச்சையில் ஒரு பங்கை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் பசுமை என்கிறோம்.

பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவே ஒரு மக்னீசிய அணு, அதைச் சுற்றி நாலு தழைச்சத்து அணுக்கள். தழைச்சத்து குறைந்தால் பச்சையம் குறைகிறது. பச்சையம் குறைந்தால் சிவப்பை விழுங்க ஆள் இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து திரும்பி வருகின்றன. இந்த இரண்டு ஒளியும் சேர்ந்து கண்ணில் பட்டால் மஞ்சளாகத் தெரியும். பயிர் வெளுக்கிறது என்றால் இதுதான் நடக்கிறது.

சாயங்கால வெயிலில் நீலம் குறைவு, சிவப்பு மிகுதி என்று பார்த்தோம். அந்த வெயில் படும்போது நல்ல இலைகூடச் சிவப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பித் தரும். போதாததற்கு நான் சூரியனைப் பார்த்து நின்றிருந்தேன். இலையில் பட்டுத் திரும்பின ஒளியை விட, இலையை ஊடுருவி வந்த ஒளிதான் என் கண்ணுக்கு வந்தது. அது எப்போதும் மஞ்சள் கலந்த இளம்பச்சையாகத்தான் இருக்கும். குறை இலையில் இல்லை. நான் நின்ற இடத்திலும் நேரத்திலும் இருந்தது.

இலை திருப்பி அனுப்புகிற இன்னொன்று நம் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்பில் சுமார் பாதியை நல்ல இலை திருப்பி அனுப்பிவிடும். நோய் கண்டால் இந்த அளவு மாறுகிறது. 1970-ல் பி.ஆர். பிஷாரடி என்ற விஞ்ஞானியின் குழுவினர் கேரளத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பைப் பதிவு செய்யும் பிலிமில் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்தார்கள். வேர் வாடல் நோய் கண்ட மரங்கள் படத்தில் தனியாகத் தெரிந்தன. செயற்கைக்கோளிலிருந்து பயிரைப் பார்க்கும் வேலைக்கு நம் நாட்டில் அதுதான் பிள்ளையார் சுழி.

சம்பாப் பட்டத்தில் வானம் மூடிக்கிடக்குமே, செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ரேடார் அலை இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் நீளம் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர். மேகத்தின் நீர்த்துளிகளோ அதற்கு முன்னால் தூசி. பெரிய அலை சின்னக் கல்லைத் தாண்டுவது போல இது மேகத்தைத் தாண்டி வந்துவிடுகிறது. நீர் கட்டின வெறும் வயல் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தட்டிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுப்பாகும். இதை வைத்து நெல் பரப்பையும் பயிர்ச் சேதத்தையும் கணிக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கையாண்டு, பயிர்க் காப்பீட்டுக்கும் அது உதவியிருக்கிறது.

கையில் ஓர் அட்டை

செயற்கைக்கோள் இருக்கட்டும். உங்கள் வரப்பில் உதவுவது இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள சிறு பிளாஸ்டிக் அட்டை அது. அதைப் பயன்படுத்தும் விதிகளைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளியின் குணத்தில் காரணம் இருக்கிறது.

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில் பாருங்கள். வெயிலின் நிறமும் சாய்வும் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதுதான் காரணம்.

சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் உடம்பின் நிழல் இலை மேலும் அட்டை மேலும் விழும்படி பாருங்கள். நேர் வெயில் பட்டால் இலையின் மேல்தோல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வெயிலின் நிறமே தவிர இலையின் நிறம் அல்ல.

இலையைப் பறிக்க வேண்டாம். நன்றாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே, முதல் வாரம் பார்த்தவரே கடைசி வரை பார்க்கட்டும்.

நடவு நட்ட 14-ஆம் நாள் தொடங்கி, பூக்கிற வரைக்கும் வாரம் ஒரு முறை, வயலில் அங்கங்கே பத்து இலைகளைப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலையாவது அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மேலுரம் விடுங்கள். இல்லையென்றால் அந்த வாரம் யூரியா மூட்டையை அவிழ்க்க வேண்டாம். உங்கள் ரகத்துக்கும் பட்டத்துக்கும் எத்தனை கிலோ என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் எல்லாமே தழைச்சத்துக் குறை ஆகிவிடாது. தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும். இளங்குருத்து முதலில் வெளுத்தால் இரும்புச் சத்தோ கந்தகமோ குறைந்திருக்கலாம். அங்கே யூரியா விடுவது வீண்.

இரவிலும் ஓர் ஒளி

முடிப்பதற்கு முன் இரண்டு சிறு விஷயங்கள். மார்கழியில் மேகமில்லாத இரவில் பனி கூடுதலாகக் கொட்டுகிறதே, ஏன்? பகலில் வாங்கின சூட்டை இலை இரவில் அகச்சிவப்பாக ஆகாயத்துக்கு வீசுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி சூட்டைத் திருப்பித் தரும். மேகம் இல்லாவிட்டால் சூடு போனது போனதுதான். இலை குளிர்ந்து பனி படிகிறது. ஈரம் நெடுநேரம் நின்றால் குலை நோய்க்குக் கொண்டாட்டம். ஆகவே தெளிந்த வானத்து இரவுகளுக்குப் பிறகு வரும் நாட்களில் இலையில் கண் வடிவப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

பூச்சிகளின் கண் நம் கண் அல்ல. அந்துப்பூச்சி பலவற்றுக்குப் புற ஊதா நன்றாகத் தெரியும். சிவப்பு சரியாகத் தெரியாது. விளக்குப் பொறியில் அவை வந்து விழுவது இதனால்தான். வெள்ளை ஈ மஞ்சளைத் தேடி வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது இதனால்தான்.

உழவர் பெருமக்களே, நான் நஷ்டப்படுத்தின அந்தப் பெரியவரிடம் அடுத்த பட்டத்தில் ஓர் அட்டையோடு போனேன். செய்த தப்பையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு நீங்க பார்த்தது பயிரை இல்லீங்க சார், பொழுதைப் பார்த்தீங்க" என்றார். நான் இவ்வளவு நேரம் பேசினதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்தப் பட்டத்தில் அட்டை சொன்னபடி ஒரு தடவை மேலுரத்தைத் தள்ளிப்போட்டோம். பயிர் தேறிவிட்டது.

ஆகவே அடுத்த முறை பயிர் வெளுத்ததாகத் தோன்றினால், கடைக்குப் புறப்படுவதற்கு முன்னால் மறுநாள் காலை ஒரு தடவை வயலுக்குப் போங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி, நிழலில் வைத்து இலையைப் பாருங்கள். அதற்கு மேலும் வெளுப்பாக இருந்தால் உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.